திரித்துவக் கோட்பாடும் இலக்கணச் சான்றும்: கிறித்தவ விளிம்பு இயக்கங்களின் மறுவிளக்கங்கள் – ஒரு மொழியியல் திறனாய்வு

முன்னுரை

கடவுள் ஒருவரே, அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்குகிறார் என்பது கிறித்தவப் பெருஞ்சபைகள் பலவும் ஏற்றுள்ள கோட்பாடு. தமிழில் இது திரித்துவம் எனவும் மூவொருமை எனவும் வழங்கப்படுகிறது. இக்கோட்பாட்டை மறுத்தோ மாற்றியோ விளக்கும் இயக்கங்கள் எல்லாக் காலத்தும் இருந்து வந்துள்ளன. அவற்றின் வரலாற்றைச் சமயவியலார் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், அவ்வியக்கங்கள் தம் கொள்கைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டும் சான்றுகளில் பெரும்பகுதி இலக்கணம் சார்ந்தது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் சுட்டுச்சாரியை இருக்கிறதா, ஒரு சொல் ஒருமையா பன்மையா, வேற்றுமைப் பொருள் கருவியா கருத்தாவா, ஒரு பெயர் எந்தப் பாலுக்கு உரியது என்னும் வினாக்களின்மேல் சபைகள் பிரிந்துள்ளன, புதிய மொழிபெயர்ப்புகள் தோன்றியுள்ளன, உயிரும் போயிருக்கிறது.

இக்கட்டுரை அத்தகைய இலக்கணச் சான்றுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு அவற்றின் வன்மை மென்மைகளை ஆராய முற்படுகிறது. திரித்துவம் மெய்யா பொய்யா என்பது இதன் வினா அன்று. அது நம்பிக்கையின்பாற்பட்டது. ‘கிரேக்க இலக்கணம் இதைத்தான் சொல்கிறது’ என்று ஒருவர் கூறும்போது அக்கூற்று மொழியியல் நோக்கில் நிற்குமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ‘விளிம்பு இயக்கம்’ என்னும் தொடரும் இகழ்ச்சிப் பொருளில் ஆளப்படவில்லை. பெருஞ்சபைகளின் பொது ஒப்புதலுக்குப் புறத்தே நிற்பவை என்னும் அளவிலேயே அத்தொடர் இங்குப் பொருள்படும்.

1. கலைச்சொற்களின் இடர்ப்பாடு

திரித்துவம் என்னும் சொல் விவிலியத்தில் இல்லை என்பது இவ்வியக்கங்கள் அனைத்தும் முதலில் கூறும் வாதம். இது உண்மையே. ‘திரினித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லைக் கடவுளைக் குறித்து ஆண்டவர் வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தெர்த்துல்லியன். காலம் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். ‘பெர்சோனா’, ‘சுப்ஸ்தான்சியா’ என்னும் சொற்களையும் அவரே இவ்விவாதத்துள் கொணர்ந்தார். ஆயினும், ஒரு கருத்துக்குரிய சொல் ஒரு நூலில் இல்லை என்பதால் அக்கருத்தும் அந்நூலில் இல்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. ‘ஒலியன்’ என்னும் சொல் தொல்காப்பியத்தில் இல்லை. எனினும் அதற்கு நெருங்கிய கருத்து அதில் உண்டு என்று நாம் வாதிடுகிறோம். அவ்வாறு வாதிடுபவர் அக்கருத்து அங்கே இருப்பதைத் தனியே நிறுவவேண்டும் என்பதும் உண்மை. எனவே இவ்வாதம் எவருக்கும் வெற்றி தருவதில்லை. நிறுவும் பொறுப்பை மட்டுமே சுட்டுகிறது.

இதனினும் கருதத்தக்கது கலைச்சொற்களின் நிலையாமை. 325இல் நிக்கேயாவில் கூடிய பேரவை ஆரியுவின் கொள்கையை மறுத்து, மகன் தந்தையோடு ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ஒரே உள்பொருள் உடையவர் என்று அறிவித்தது. அவ்வறிக்கையின் இறுதியில் உள்ள கண்டனப் பகுதியில் ‘ஊசியா’, ‘ஹிப்போஸ்தாசிஸ்’ என்னும் இரு சொற்களும் ஏறத்தாழ ஒருபொருட் பன்மொழியாக ஆளப்பட்டுள்ளன. பிற்காலத்திலோ கடவுள் ஒரே ‘ஊசியா’, மூன்று ‘ஹிப்போஸ்தாசிஸ்’ என்று கூறுவதே சரியான கோட்பாடாயிற்று. அரை நூற்றாண்டுக்குள் ஒரு சொல் தன் இணைச்சொல்லிலிருந்து பிரிந்து வேறுபொருள் பெற்றது. 362இல் அத்தனாசியு அலெக்சாந்திரியாவில் கூட்டிய சிறு பேரவை, ஒரு ஹிப்போஸ்தாசிஸ் என்போரும் மூன்று ஹிப்போஸ்தாசிஸ் என்போரும் வேறு வேறு சொற்களால் ஒரே நம்பிக்கையைக் கூறக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது. சொல்வேறுபாடு வேறு, பொருள்வேறுபாடு வேறு என்பதைச் சமயப் பேரவை ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது.

தமிழில் ‘பெர்சோனா’வுக்கு ஈடாக ‘ஆள்’ என்னும் சொல் வழங்குகிறது. நம் பேச்சில் ஆள் என்பது தனித்தனி உடலும் உள்ளமும் உடைய மனிதரைக் குறிக்கும். ‘மூன்று ஆட்கள்’ எனக் கேட்கும் தமிழர் மூன்று கடவுளர் என்று கொள்வதில் வியப்பில்லை. விளிம்பு இயக்கங்கள் தாக்குவது பலவேளைகளில் கோட்பாட்டை அன்று, அதன் மொழிபெயர்ப்பு எழுப்பும் படிமத்தையே எனலாம்.

2. அடைமொழி நின்ற இடம்

ஸ்பானிய அறிஞர் மிகேல் செர்வேத்து 1531இல் திரித்துவக் கோட்பாட்டின் பிழைகள் பற்றி இலத்தீனில் நூல் எழுதினார். 1553 அக்டோபர் 27ஆம் நாள் ஜெனீவாவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். இறக்கும்போது அவர் இயேசுவை நித்திய கடவுளின் மகன் என்றே விளித்தார் என்றும், கடவுளின் நித்திய மகன் என்று கூற இறுதிவரை இசையவில்லை என்றும் அக்காலத்தவர் பதிவு செய்துள்ளனர். ‘நித்திய’ என்னும் அடை எப்பெயரைத் தழுவுகிறது என்பதே வேறுபாடு. முன்னதில் கடவுள் மட்டுமே நித்தியர். பின்னதில் மகனும் தொடக்கமற்றவர்.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டவும் முடியும், மறைக்கவும் முடியும். ‘நித்திய கடவுளின் மகன்’, ‘கடவுளின் நித்திய மகன்’ என உருபு விரித்துக் கூறினால் பொருள் தெளிவாகும். ‘நித்திய தேவகுமாரன்’ எனத் தொகைநிலைத் தொடராகக் கூறின் அடை ‘தேவ’ என்பதைத் தழுவுகிறதா, ‘குமாரன்’ என்பதைத் தழுவுகிறதா என்பது துணியப்படாது. செர்வேத்துவும் அவர்மேல் தீர்ப்பு வழங்கியோரும் இத்தமிழ்த் தொடரை ஒருங்கே சொல்லியிருக்க இயலும். தத்தம் பொருளையும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அடைகொளி மயக்கம் என நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் ஒன்று இன்னொரு மொழியில் தீர்ப்பின் எல்லைக்கோடாகியுள்ளது.

3. வேற்றுமைப் பொருள்: கல்கத்தா நிகழ்வு

இந்திய மொழிபெயர்ப்பு வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய நிகழ்வு ஒன்று உண்டு. 1820இல் இராசாராம் மோகன்ராய் இயேசுவின் அறவுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் அவர் விலக்கியிருந்தமையால் செராம்பூர் மறைப்பணியாளர் யோசுவா மார்ஷ்மன் கடுமையாக மறுத்தெழுதினார். அதே காலத்தில் ராய், வில்லியம் ஆதாம், வில்லியம் யேட்ஸ் ஆகியோர் நற்செய்தி நூல்களை வங்காளியில் மொழிபெயர்க்கக் கூடி உழைத்தனர். யோவான் 1:3இல் யாவும் வார்த்தையால் உண்டாயின என்னும் இடத்தில் வரும் ‘தியா’ என்னும் கிரேக்க முன்னுருபை எவ்வாறு பெயர்ப்பது என்பதில் வேறுபாடு எழுந்தது. அது தலைமைக் கருத்தாவைக் காட்டுவது அன்று, ஒருவர் வாயிலாக என்னும் பொருளே தருவது என்பது ராய், ஆதாம் ஆகியோர் கருத்து. வாயிலாக எனின் படைத்தவர் வேறொருவர். வார்த்தை அவருக்குக் கீழ்ப்பட்ட இடையாள். இவ்விவாதம் வளர்ந்து 1821இல் ஆதாம் திரித்துவக் கொள்கையையே கைவிட்டார். அவரைத் தம்பால் ஈர்க்க வந்த பாப்திஸ்து மறைப்பணியாளர் தாமே ஈர்க்கப்பட்டுவிட்டார் என்பதால் ‘வீழ்ந்த இரண்டாம் ஆதாம்’ என்று எதிர்த்தரப்பினர் எள்ளினர். அவ்வாண்டே கல்கத்தா யூனித்தேரியன் குழு தோன்றியது. ராயின் இறுதி மறுப்பு நூலை அச்சிடப் பாப்திஸ்து அச்சகம் மறுத்துவிட்டதால் அவர் தம் செலவில் அச்சகம் அமைத்து 1823இல் அதை வெளியிட்டார்.

ஆதாமின் வாதத்தை இலக்கண நோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது? ‘தியா’ வாயிலாக என்னும் பொருளையே பெரிதும் தரும் என்பது சரி. பவுல் 1 கொரிந்தியர் 8:6இல் தந்தைக்கு ‘எக்’ என்னும் முன்னுருபையும் கிறித்துவுக்குத் ‘தியா’வையும் பிரித்து ஆளுகிறார் என்பதும் அவருக்குத் துணை செய்யும். ஆயின் உரோமையர் 11:36இலும் எபிரேயர் 2:10இலும் அதே ‘தியா’ கடவுளுக்கே வருகிறது. எனவே அவ்வுருபு வந்த இடமெல்லாம் கீழ்ப்பட்ட நிலையைக் காட்டும் என்பது விதியாகாது. இவ்விவாதம் புதியதும் அன்று. நான்காம் நூற்றாண்டில் ஏத்தியு போன்றோர் முன்னுருபு வேறெனின் இயல்பும் வேறு என வாதிட்டதாகவும், விவிலிய வழக்கில் முன்னுருபுகள் அவ்வாறு வரையறுத்து வருவதில்லை என்றும் பசிலியார் தூய ஆவி பற்றிய தம் நூலில் உருபு உருபாக எடுத்துக்காட்டி மறுத்துள்ளார்.

நம் இலக்கண மரபு இவ்விடத்தில் ஒளி தரவல்லது. மூன்றாம் வேற்றுமை கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களில் வரும் என்பர். கருத்தாவும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படும். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்பதும் சிற்பியால் கட்டப்பட்ட கோயில் என்பதும் ஒரே உருபு கொண்டவை. ஏவியவர் யார், இயற்றியவர் யார் என்பது உலகறிவால் பெறப்படுவது. உருபால் பெறப்படுவது அன்று. ராய், ஆதாம் தரப்பும் எதிர்த்தரப்பும் வார்த்தை ஏவுதற் கருத்தாவா, இயற்றுதற் கருத்தாவா, கருவியா என்று உருபைக் கேட்டனர். உருபு விடை சொல்லும் ஆற்றலுடையது அன்று. பரவலாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘ஆல்’ உருபைத் தவிர்த்து ‘மூலமாய்’ என்னும் சொல்லுருபை ஆண்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர் திரித்துவ நம்பிக்கையுடைய சபையினர். அவர்கள் ஆதாம் வலியுறுத்திய பொருளையே தேர்ந்தும் தம் கோட்பாட்டை இழக்கவில்லை என்பது, அவ்வுருபு கோட்பாட்டைத் தீர்மானிப்பது இல்லை என்பதற்கு நல்ல சான்று.

4. சுட்டுச்சாரியையும் யெகோவா சாட்சிகளும்

சார்ல்ஸ் தேஸ் ரசல் 1879இல் தொடங்கிய இதழை மையமாகக் கொண்டு வளர்ந்த இயக்கம் 1931இல் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பெயரை ஏற்றது. மகன் படைக்கப்பட்டவர்களுள் முதல்வர், தூய ஆவி கடவுளின் செயலாற்றல் என்பன இவ்வியக்கத்தின் கொள்கைகள். இதன் புதிய உலக மொழிபெயர்ப்பின் கிரேக்கப் பகுதி 1950இலும் முழுநூல் 1961இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 2013இல் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. யோவான் 1:1இன் இறுதித் தொடரில் வார்த்தை ‘ஒரு கடவுள்’ எனப் பொருள்படும்படி ஆங்கிலத்தில் சுட்டில்சாரியை சேர்த்தமையே இம்மொழிபெயர்ப்பின்மேல் எழுந்த கண்டனங்களுள் தலையாயது.

கிரேக்க மொழியில் ‘ஹோ’ என்னும் சுட்டுச்சாரியை உண்டு. ‘ஒரு’ என்பதற்கு ஈடான சாரியை இல்லை. அவ்வசனத்தின் இடைத்தொடரில் ‘தியோஸ்’ சாரியையோடும் இறுதித் தொடரில் சாரியையின்றியும் வருகிறது. சாரியை இன்மை வேறுபாடு காட்டுகிறது என்பது சாட்சிகளின் வாதம். 1864இல் வெளியான பெஞ்சமின் வில்சனின் கிரேக்க – ஆங்கிலப் பதிப்பில் சொல்லுக்குச் சொல் ஈடு தரும் வரியில் இவ்வாறே உள்ளது. அதே பக்கத்தின் ஓரத்தில் தரப்பட்ட மொழிபெயர்ப்பிலோ வில்சன் ‘ஒரு’ சேர்க்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

எதிர்த்தரப்பினர் கூறும் மறுப்புகள் இரண்டு. ஒன்று, அதே அதிகாரத்தில் 6, 12, 13, 18ஆம் வசனங்களில் ‘தியோஸ்’ சாரியையின்றி வந்தும் சாட்சிகள் அங்கெல்லாம் ‘கடவுள்’ என்றே பெயர்த்துள்ளனர். எனவே முரண்பாடு என்பது. இம்மறுப்பு வலுவற்றது. அவ்விடங்களில் அச்சொல் முன்னுருபுக்குப் பின்னரோ, ஆறாம் வேற்றுமையிலோ, செயப்படுபொருளாகவோ வருகிறது. பயனிலைப் பெயராக வரவில்லை. சூழல் வேறாயின் விதியும் வேறாதல் இயல்பு.

இரண்டாவது மறுப்பு, 1933இல் ஈ. சி. கால்வெல் வெளியிட்ட விதியைச் சார்ந்தது. வினைக்கு முன் நிற்கும் வரையறைப்பட்ட பயனிலைப் பெயர் பெரும்பாலும் சாரியை பெறாது என்பது அவ்விதி. ஆகவே சாரியை இல்லாமலே இது வரையறைப்பட்டது என்று பலர் வாதிட்டனர். இது அளவையியற் பிழை. வரையறைப்பட்டவை சாரியை பெறா என்பதிலிருந்து சாரியை பெறாதவை வரையறைப்பட்டவை என்பது பெறப்படாது. யோவான் 4:19, 6:70, 8:44 ஆகியவற்றில் இதே அமைப்பில் தீர்க்கதரிசி, அலகை, கொலைஞன் என வரும் பெயர்கள் வகுப்பைக் குறிப்பனவேயன்றி ஒருவரைச் சுட்டுவன அல்ல. மேலும், இறுதித் தொடரின் ‘தியோஸ்’ இடைத்தொடரில் சுட்டப்பட்டவரையே சுட்டுமாயின் வார்த்தையும் தந்தையும் ஒருவரே ஆவர். அது திரித்துவம் அன்று. மூன்றாம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்ட சபெல்லியக் கொள்கை. கால்வெல் விதியைத் தவறாகக் கையாண்டோர் தம்மை அறியாமலே தாம் மறுக்கும் கொள்கைக்கு அரண் செய்தனர்.

1973இல் பிலிப் ஹார்னர் மூன்றாவது வழி ஒன்றைத் தெளிவுபடுத்தினார். வினைக்கு முன் சாரியையின்றி வரும் பயனிலைப் பெயர் முதன்மையாகத் தன்மையைக் காட்டும் என்பது அவர் முடிவு. அதே அதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் ‘சார்க்ஸ்’ (மாம்சம்) என்னும் சொல் இவ்வமைப்பிலேயே வருகிறது. அதை ‘ஒரு மாம்சம்’ என எவரும் பெயர்ப்பதில்லை. 1 யோவான் 4:8இல் அன்பு என்னும் சொல்லும் அவ்வாறே. இவ்வழியில் நோக்கின் யோவான் 1:1 வார்த்தையின் இயல்பைக் கூறுகிறது. அவ்வியல்பை முழுமையாக உடையவரா, பகுதியாக உடையவரா என்பதை அத்தொடர் கூறவில்லை. எகிப்தின் சகிதிக் கொப்தியப் பழைய மொழிபெயர்ப்பில் இங்குச் சுட்டில்சாரியை வந்துள்ளது என்பதை அண்மைக் காலத்தில் சாட்சிகளுக்கு ஆதரவாகக் காட்டுவர். அம்மொழியில் அச்சாரியை தன்மை உணர்த்தவும் வரும் என்பதால் அதுவும் முடிந்த சான்றாகாது.

ஆக, ‘ஒரு கடவுள்’ என்பது இலக்கணம் தடுக்கும் பெயர்ப்பு அன்று. இலக்கணம் வேண்டும் பெயர்ப்பும் அன்று. இம்மொழிபெயர்ப்பின்மேல் உண்மையில் வைக்கத்தக்க குறை வேறோரிடத்தில் உள்ளது. கொலோசெயர் 1:16, 17இல் யாவும் அவரில் படைக்கப்பட்டன என வரும் இடத்தில் மூலத்தில் இல்லாத ‘மற்ற’ என்னும் பொருளுடைய சொல் சேர்க்கப்பட்டுள்ளது. அச்சொல் சேரின் மகனும் படைக்கப்பட்டவர்களுள் ஒருவராகிறார். 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் அது அடைப்புக்குறிக்குள் இருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அடைப்புக்குறி நீங்கியது. உரையாசிரியர் வருவித்துரைத்தது மூலபாடத்துள் கலந்தமையை நம் பதிப்பாசிரியர்கள் எவ்வாறு கடிவரோ அவ்வாறே இதையும் கடிதல் வேண்டும்.

பெருஞ்சபைகள் இக்குற்றத்திற்கு விலக்கானவை அல்ல. 1 யோவான் 5:7இல் விண்ணகத்தில் சான்று பகரும் மூவரைப் பற்றிய தொடர் பிற்காலச் சேர்க்கை. எராஸ்மு 1516ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை விடுத்தார். எதிர்ப்பு எழவே 1522இல் சேர்த்தார். ஐசக் நியூட்டன் 1690இலேயே அதன் போலித்தன்மையை ஆய்ந்து எழுதினார். இன்றைய ஆய்வுப் பதிப்புகள் நீக்கிவிட்ட அத்தொடர் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இன்றும் படிக்கப்படுகிறது.

5. எண்: ஒருநாமப் பெந்தெகொஸ்தேயினர்

1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே அரோயோ செக்கோவில் நடந்த பெந்தெகொஸ்தே முகாமில் ஆர். ஈ. மக்கலிஸ்டர் ஆற்றிய உரை ஒரு பிளவுக்கு வித்திட்டது. அப்போஸ்தலர் எவரும் மூவர் பெயரால் திருமுழுக்கு வழங்கியதாகச் செய்தி இல்லை, இயேசுவின் பெயராலேயே வழங்கினர் என்பது அவர் எடுத்துக்காட்டிய செய்தி. 1914இல் பிராங்க் யூவர்ட் அப்பெயரால் மறுமுழுக்கு வழங்கத் தொடங்கினார். 1916இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய அசெம்பிளீஸ் ஆஃப் காட் அவை திரித்துவத்தை வலியுறுத்தும் அறிக்கையை ஏற்றது. 150க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினர். 1945இல் உருவான ஐக்கிய பெந்தெகொஸ்தே சபை இவ்வழியினது. சீனாவில் 1917இல் தோன்றிய மெய் இயேசு சபையும் இதை ஒத்த கொள்கையுடையது.

இவ்வியக்கத்தின் இலக்கணச் சான்று மத்தேயு 28:19. அங்குத் தந்தை, மகன், ஆவி என மூவர் கூறப்பட்டும் ‘பெயர்’ என்னும் சொல் கிரேக்கத்தில் ஒருமையில் நிற்கிறது. மூவர்க்கும் பெயர் ஒன்றே. தந்தை, மகன் என்பன பெயர்கள் அல்ல, உறவுகள். அவ்வொரு பெயர் இயேசு என்பது வாதம்.

உடைமையாளர் பலராயினும் உடைமை ஒருமையில் வருதல் பல மொழிகளிலும் உண்டு. தொடக்கநூல் 48:16இல் யாக்கோபு தம் முன்னோராகிய ஆபிரகாம், ஈசாக்கு ஆகியோரின் பெயரைக் கூறுமிடத்தில் எபிரேயத்தில் ‘பெயர்’ ஒருமையே. அவ்விருவரும் ஒருவர் என்றோ, ஒரே பெயரினர் என்றோ எவரும் கொள்வதில்லை. எனவே ஒருமை எண் மட்டும் இக்கொள்கையைத் தாங்காது. அதே வேளையில், ஒருமை எண்ணே மூவரின் ஒருமைப்பாட்டை மெய்ப்பிக்கிறது எனத் திரித்துவவாதிகள் கூறும் வாதமும் இதே எடுத்துக்காட்டால் விழும். திருத்தூதர் பணிகளில் இயேசுவின் பெயரால் என்பது 2:38இல் ‘எபி’, 8:16இல் ‘எய்ஸ்’, 10:48இல் ‘என்’ என வெவ்வேறு முன்னுருபுகளோடு வருவதை நோக்கின் அது வரையறுத்த சடங்கு வாய்பாடாக அக்காலத்தில் இறுகியிருக்கவில்லை என ஊகிக்கலாம். இவ்வியக்கத்தினர் எழுப்பிய வரலாற்று வினா, அதாவது தொடக்கத் திருமுழுக்கில் எப்பெயர் சொல்லப்பட்டது என்பது, அவர்தம் இலக்கண வாதத்தினும் வலியது.

தமிழில் இவ்வாதம் எழவே இயலாது. பெயர், நாமம் என்பன பால்பகா அஃறிணைப் பெயர்கள். ‘அவர்கள் பெயர் என்ன?’ என்று நாம் பலரைக் குறித்துக் கேட்கிறோம். அங்குப் ‘பெயர்’ ஒருமையும் அன்று, பன்மையும் அன்று. எண் குறியாது நிற்பது. தமிழ் மட்டும் அறிந்த வாசகர் அவ்வசனத்திலிருந்து ஒருநாமக் கொள்கையைப் பெறமுடியாது; பிறமொழி வழியாகவே அது அவருக்கு வந்து சேரும்.

பன்மை எண்ணைச் சான்றாக்கியோரும் உளர். மோர்மன் இயக்கத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1836இல் யோசுவா செய்க்சாஸ் என்பாரிடம் எபிரேயம் பயின்றார். 1844இல் ஆற்றிய உரைகளில் ‘எலோகிம்’ என்பது பன்மை வடிவம். ஆகவே கடவுளர் பலர் என்று வாதிட்டார். அதே பன்மையைத் திரித்துவத்துக்குச் சான்றாகக் காட்டியோரும் பலர். கால்வின் இதை ஏற்காது எச்சரித்தமை அவர் நேர்மைக்குச் சான்று. வடிவு பன்மையாயினும் அச்சொல் இஸ்ரயேலின் கடவுளைக் குறிக்குமிடத்து வினை பெரும்பாலும் ஒருமையிலேயே வருகிறது. ‘அவர்’ என்னும் பலர்பால் வடிவம் ஒருவருக்கு உயர்வுப் பன்மையாய் வரும் தமிழில், வடிவையும் பொருளையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை எளிதில் விளங்கும்.

6. பாலும் திணையும்

ஆவியைக் குறிக்கும் சொல் எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால், கிரேக்கத்தில் ‘நியூமா’ அலிப்பால், இலத்தீனில் ஆண்பால். அலிப்பாலாதலின் ஆவி ஆளன்று, ஆற்றல் என்பது சாட்சிகள் முதலியோர் வாதம். யோவான் 16:13, 14இல் ‘எக்கெய்னோஸ்’ என ஆண்பாற் சுட்டுப்பெயர் வருதலின் ஆவி ஆளே என்பது எதிர்வாதம். இரண்டும் நிற்கா. கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொற்களும் அலிப்பால். அதனால் குழந்தை ஆளன்று ஆகாது. ‘எக்கெய்னோஸ்’ என்பது 7ஆம் வசனத்தில் வந்த ‘பராக்லேத்தோஸ்’ (துணையாளர்) என்னும் ஆண்பாற் பெயரைச் சுட்டி இயைந்தது. நியூமாவின் பாலை மீறி வந்ததன்று. சிரியக் கிறித்தவரின் தொன்மையான எழுத்துகளில் ஆவி பெண்பாலாக ஆளப்பட்டு, பின்னர் ஆண்பாலாக மாறியது. சொல்லின் பால் மாறியதால் அவர்தம் வழிபாட்டுப் பொருள் மாறவில்லை.

தமிழில் நிலைமை தலைகீழானது. தமிழில் திணை பெரிதும் பொருள் பற்றியது. தெய்வத்தைக் குறிக்கும் சொற்கள் உயர்திணை முடிபு பெறும் எனத் தொல்காப்பியம் கூறும். தேவரை உயர்திணையுள் வைத்து நன்னூல் வகுக்கும். எனவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆவியை ‘அது’ என்பதா, ‘அவர்’ என்பதா என்று துணிந்தே ஆகவேண்டும். கிரேக்கம் வாளா விட்ட வினாவுக்குத் தமிழ் விடை கேட்கிறது. ‘ஆவியானவர்’ என்னும் ஆக்கம் அவ்விடையே. அது இலக்கணம் தந்ததன்று; கோட்பாடு தந்தது. ‘குழந்தை அழுதது’ என்பதுபோல் ‘ஆவி இறங்கியது’ எனக் கூறியிருப்பின் வினா திறந்தே இருந்திருக்கும்.

யோவான் முதல் அதிகாரத்தின் பழைய தமிழ் வடிவில் இச்சிக்கல் வெளிப்படையாகவே தெரிகிறது. முதல் வசனத்தில் வார்த்தை அஃறிணை வினை கொண்டு முடிகிறது. இரண்டாம் வசனத்தில் அதே எழுவாய் ‘அவர்’ ஆகி உயர்திணை வினை பெறுகிறது. இரண்டு வசனங்களுக்கிடையே வார்த்தை திணை மாறிவிட்டது. கிரேக்கத்தில் ‘லோகோஸ்’ ஆண்பாற் சொல்லாதலின் அங்கு எம்மாற்றமும் இல்லை. வார்த்தை தொடக்கத்தில் ஓர் ஆள் அன்று, கடவுளின் திட்டமே. பின்னரே இயேசுவில் ஆளாயிற்று என்று கருதுவோர், குறிப்பாகக் கிறித்தடெல்ஃபியர் போன்றோர், தமிழை அறிந்திருப்பின் முதல் வசனத்தைத் தமக்குச் சான்றாகக் காட்டியிருப்பர். அது மூலத்தின் சான்று அன்று, தமிழ்த் திணையமைப்பின் விளைவு என்று நாம் விடை கூறவேண்டியிருக்கும்.

முடிவுரை

மேற்கூறிய ஆய்வால் பெறப்படுவன வருமாறு. இலக்கணம் ஒரு விளக்கத்தை வேண்டுகிறதா, இடங்கொடுக்கிறதா, தடுக்கிறதா என்னும் மூன்றையும் வேறுபடுத்தல் முதற்கடன். இங்கு எடுத்துக்கொண்ட சான்றுகளில் பெரும்பாலானவை இடங்கொடுத்தல் என்னும் நிலைக்கு மேல் செல்லாதவை. அவற்றை வேண்டுதல் எனக் காட்டியமையே விளிம்பு இயக்கங்களின் பொதுக்குறை. அவற்றை மறுத்தோரின் குறையும் பலவிடத்து அதுவே. ஒரு விதியைக் கூறுபவர் அது தமக்கு எதிராக முடியும் இடத்திலும் அதை ஏற்பாரா என்பது இரண்டாவது அளவுகோல். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கும்போது அச்சேர்க்கை வாசகர்க்குத் தெரியும்படி உள்ளதா என்பது மூன்றாவது.

மறைநூலைத் தாய்மொழியில் மட்டுமே படிக்கும் பெரும்பான்மையோர்க்கு ‘மூலத்தில் இப்படித்தான் உள்ளது’ என்னும் கூற்றைச் சோதிக்க வழியில்லை. வீட்டு வாயிலில் நின்று கூறுபவராயினும் பீடத்தில் நின்று கூறுபவராயினும் அவர்கள் நம்பவே வேண்டியுள்ளது. சென்னையில் 1795இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் பெயர் பூண்ட திருவேங்கடம் என்ற தமிழர் யூனித்தேரியன் சபையை நிறுவியது முதல் தமிழ்ச்சூழலிலும் இவ்விவாதம் இருநூறு ஆண்டுகளைக் கடந்துள்ளது. எனினும் விவிலியத் தமிழில் எவ்விடத்து மூலம் பேசுகிறது, எவ்விடத்துத் தமிழ் இலக்கணம் பேசுகிறது, எவ்விடத்து மொழிபெயர்ப்பாளரின் நம்பிக்கை பேசுகிறது என்பதை வசனந்தோறும் பிரித்துக்காட்டும் குறிப்புரை ஒன்று தேவை. திணை, எண், வேற்றுமை, சாரியை ஆகிய நான்கிலும் தமிழ் கிரேக்கத்தினின்று விலகும் இடங்களைத் தொகுத்தாலே அதற்குரிய அடித்தளம் அமைந்துவிடும். எச்சபையையும் சாராத மொழியியலார் செய்யத்தக்க பணி அது. அதைப் படிப்பவர் திரித்துவத்தை ஏற்கலாம், மறுக்கலாம். எதனை இலக்கணத்தின் பெயரால் ஏற்கிறோம், எதனை நம்பிக்கையின் பெயரால் ஏற்கிறோம் என்பதையேனும் அறிந்து ஏற்பர்.